உப்பு கொடுத்து வாங்கிய அகில்

அந்த வெள்ளைக்காரி வந்த முதல் நாளே என் தலையை முகர்ந்து பார்த்தாள். பங்களா வராந்தாவில் தேநீர்த் தட்டை வைப்பதற்காகக் குனிந்தேன். நாற்காலியில் இருந்தவள் எழுந்து வந்து, என் கொண்டைக்குப் பக்கத்தில் மூக்கை வைத்து ஒரு இழுப்பு இழுத்தாள். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. பேன் இருக்கிறதா என்று பார்க்கிறாளோ என்றுதான் முதலில் நினைத்தேன்.

அவளை ‘அவர்’ என்று மரியாதையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். என்னைவிட மூத்தவள், விருந்தாளியாக வந்தவள். ஆனால் கை அப்படி எழுத மாட்டேன் என்கிறது. சரி, போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்போது நான் மலாயாவில் கோலா சாவா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், துரை பங்களாவில் ஆயா வேலை பார்த்தேன். என் புருஷனைச் சயாமில் ரயில் பாதை போடுவதற்கு ஜப்பான்காரன் இழுத்துப்போனான். திரும்பி வரவில்லை. எனக்கென்று இருந்தது ஒரு தம்பி மட்டும்தான். கீழே கூலிக்காரர் லயத்தில் பெண்டாட்டியோடு குடியிருந்தான், காட்டோரத்து மர நிரையில் பட்டையைக் கீறிப் பால்மரம் வெட்டினான். அவன் கைக்குழந்தையாக இருக்கும்போது எங்கள் அம்மா எங்கள் இரண்டு பேரையும் இந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டு வந்தாள். கப்பலில் அவனை மடியில் வைத்திருந்தது நான்தான் என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

வந்தவள் எங்கள் துரைசானியோடு சின்ன வயதில் ஒன்றாகப் படித்தவளாம். சீமையில் வாசனைத் தைலம் செய்கிற ஒரு கம்பெனியில் வேலை. சிங்கப்பூர்க் கடைகளில் வாங்குகிற சரக்கெல்லாம் கலப்படம், எது எங்கே விளைகிறது என்று ஒருவனும் வாயைத் திறப்பதில்லை, அதனால் நேரிலேயே பார்த்துவிடலாம் என்று வந்தேன் என்று துரைசானியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவசரகாலம் கொதித்துக்கொண்டிருந்த நேரம் அது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகள் வெளியே வந்து தோட்டத் துரைகளைச் சுட்டார்கள், பட்டாளம் காட்டுக்குள் போய் அவர்களைச் சுட்டது. எங்கள் துரை தன் மரங்களைப் பார்வையிடவே இடுப்பில் துப்பாக்கியோடு போனார். இவள் பூ பார்க்க வந்திருந்தாள்.

என் தலையில் இருந்தது சாம்பிராணி வாசம். வெள்ளிக்கிழமை தலை முழுகினால் கூடையைக் கவிழ்த்துப் புகை பிடிப்பது எங்கள் வழக்கம். அதைச் சொன்னதும் அவளுக்கு என்னை விட மனமில்லை. போகிற இடத்துக்கெல்லாம் இந்த ஆயாவை அனுப்பு என்று துரைசானியிடம் கேட்டு வாங்கிக்கொண்டாள். எனக்கு மலாய் தெரியும், கொஞ்சம் சமையலறை இங்கிலீஷ் தெரியும். அதனால் இரும்புத் தகடு அடித்த காரில், இரண்டு ஸ்பெஷல் போலீஸ்காரர்களுக்கு நடுவே, புட்டிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு நானும் ஊர் சுற்றினேன்.

பொய் சொல்வானேன், முதலில் எனக்கும் பிடித்திருந்தது. தோட்டத்துக் கம்பி வேலியைத் தாண்டி அவ்வளவு தூரம் நான் போனதே இல்லை. மலாய்க்காரர்களின் கிராமம் ஒன்றில், கம்பம் என்பார்கள், கெனாங்கா மரம் பார்த்தோம். மஞ்சளும் பச்சையுமாகத் தொங்குகிற பூ. அந்த வீட்டு அம்மாள், கல்யாணப் பெண்ணின் படுக்கையில் போடுவோம் என்று சிரித்துக்கொண்டே சொன்னதை நான் இவளுக்கு எடுத்துச் சொன்னேன். செண்டாயான் பக்கம் ஒரு சீனக் கிழவர் வாசனைப் புல்லை அறுத்துத் தகர டிரம்மில் அவித்து எண்ணெய் இறக்கிக்கொண்டிருந்தார். கூட வந்த போலீஸ்காரர்கள் கள்ளச் சாராயம், சம்சு காய்ச்சுகிறான் என்று டிரம்மைத் திறந்து மூஞ்சியில் ஆவி அடித்துக் கண் கலங்கி நின்றார்கள். அதற்கு அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும்தான். போகிற இடமெல்லாம் அவள் கேட்டது ஒன்றுதான்: இது எங்கிருந்து வருகிறது? யார் கொண்டு வருகிறார்கள்? பிறகு எங்கே போகிறது?

இதே கேள்வியை வேலிக்கு உள்ளே எங்களையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அரிசி எங்கே போகிறது, உப்பு எங்கே போகிறது, காட்டில் இருப்பவனுக்கு யார் கொடுக்கிறீர்கள்? அரிசியை அளந்துதான் கொடுத்தார்கள். காலையில் மரம் வெட்டப் போகிறவன் ஒரு கவளம் சோறு கூட வெளியே கொண்டு போகக்கூடாது. கேட்டில் நிறுத்தி வாளியைக் கவிழ்த்துத் தட்டுவார்கள், வெற்றிலைப் பையை உதறுவார்கள். பெண்களுக்கென்று ஒருத்தியை வைத்திருந்தார்கள். அவள் கொண்டைக்குள் விரலை விட்டுத் துழாவுவாள், அரிசி வைத்திருக்கிறோமா என்று. ஒரே கொண்டை. கேட்டில் ஒருத்தி துழாவினாள், பங்களாவில் ஒருத்தி முகர்ந்தாள். எனக்கு எதற்கு முதலில் கோபப்படுவது என்று தெரியவில்லை.

எல்லாம் பார்த்தும் அவளுக்கு ஒன்று மிச்சம் இருந்தது. அகில். மலாய்க்காரர்கள் காரு என்பார்கள். நல்ல மரத்தில் அது கிடையாது, அடிபட்டு, பூச்சி துளைத்து, நோய் பிடித்த மரத்தின் உள்ளேதான் கறுப்பாக ஊறி இருக்கும் என்று காரில் வரும்போது எனக்குச் சொன்னாள். சொல்லும்போது அவள் முகம் பூரித்திருந்தது. கடையில் விற்கிற துண்டு வேண்டாம், மரத்திலிருந்து அப்போதே எடுத்த துண்டு வேண்டும், அதை எரித்துப் பார்க்காமல் ஊருக்குப் போக மாட்டேன் என்றாள். துரையிடம் கேட்டதற்கு அவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். காட்டுக்குள் கால் வைத்தால் கேள்வி கேட்காமல் சுடுவார்கள்.

அப்புறம்தான் அவள் சமையலறைக்கு வந்தாள். லயத்தில் யாருக்காவது காட்டு மனிதர்களைத் தெரியுமா என்று கேட்டாள். என் தம்பிக்குத் தெரியும் என்பது தோட்டம் முழுக்கத் தெரிந்த விஷயம். ஜப்பான் காலத்தில் சோற்றுக்கு வழி இல்லாமல் கிடந்தபோது பூர்வக்குடிக்காரர் ஒருவர் அவனுக்கு மரவள்ளிக் கிழங்கு கொடுத்துக் காப்பாற்றினார். அந்த மனிதர் அவன் நிரைக்குப் பின்னால் இருந்த ஓடை வரைக்கும் எப்போதாவது வருவார். ஆயா வாயால் கேட்க வேண்டாம், அவனையே கூப்பிடு என்றாள். வந்தான். பங்களாப் பின்கட்டில் தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றான். அவள் காசை நீட்டினாள்.

தம்பி சிரித்தான். “காச வச்சு அவரு என்னாக்கா செய்வாரு? காட்டுல கடையா இருக்கு? உப்பு குடுத்தா கொண்டாருவாரு. இப்ப உப்புக்குத்தான் அவங்க செத்துக்கிட்டு இருக்காங்க.”

நான் அதை அவளுக்கு எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். உப்பு வெளியே போகக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவளுக்கு அது தெரியாமல் இல்லை. ஊர் சுற்றும்போது எத்தனை சாவடியில் எங்கள் காரையே நிறுத்தினார்கள். கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு அவளே சாமான் அறைக்குள் போய் நீல நிறப் பிஸ்கட் டின்னை எடுத்தாள். பங்களாவுக்கு அளவு கிடையாது, மூட்டையில் உப்பு இருந்தது. தன் கையாலேயே டின்னை நிரப்பி, தன் கையாலேயே என் தம்பி கையில் கொடுத்தாள். ஏதாவது ஆனால் நான் பேசிக்கொள்கிறேன் என்றாள். அதையும் நான்தான் அவனுக்குத் தமிழில் சொன்னேன்.

இன்றைக்கு இதைப் படிக்கிறவர்கள், உங்களுக்கு அறிவு எங்கே போயிற்று என்று கேட்பார்கள். தோட்டத்தில் வாழ்ந்தவர்கள் கேட்க மாட்டார்கள். எங்களுக்குச் சட்டம் என்றால் அது சிரம்பானில் இருக்கிற கோர்ட்டு இல்லை, மேட்டில் இருக்கிற பங்களா. பங்களா வேண்டாம் என்றால் கல்யாணம் நின்றுவிடும். பங்களா சரி என்றால் பூட்டிய கேட்டு திறக்கும். எந்த வெள்ளைக்காரியும் எங்களுக்குத் துரைசானிதான். தம்பி என்னிடம் சொன்னான்: “தொரசானி கையால குடுத்த உப்பு அக்கா இது. இதப் புடிக்கிற போலீஸ்காரன் இன்னும் பொறக்கல.” அவன் உண்மையிலேயே அப்படித்தான் நம்பினான். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

நம்பினாலும் அவன் மடையன் இல்லை. கேட்டில் நிற்கிறவனுக்குத் துரைசானி கொடுத்தது என்று எப்படித் தெரியும்? அதனால் உப்பைக் கெட்டியாகக் கரைத்து, மரம் வெட்டப் போடுகிற சட்டையை அதில் ஊற வைத்துக் காய வைத்தான். பால் கறையும் வியர்வையும் ஏறி, வெட்டுக்காரன் சட்டை எப்போதும் விறைத்துத்தான் நிற்கும். உப்புப் பூத்திருந்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. கொசுவுக்காக இரண்டு சட்டை போடுவது எல்லோருக்கும் வழக்கம். உள்சட்டையைப் போகும்போது போட்டுப்போய் ஓடைக்கரையில் கழற்றிக் கொடுத்துவிட்டு வருவான். அவர்கள் அதை வேகவைத்து உப்பெடுத்துக்கொண்டு, துணியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக அந்த டின் காலியானது.

ஒரு நாள் மரத்தில் உறைந்த ஒட்டுப்பால் உருண்டைகளுக்கு அடியில் வைத்து அவன் ஒரு கட்டை கொண்டு வந்தான். விரல் நீளம்தான், கரி மாதிரி கறுப்பு. அவள் ஊசியைச் சுட வைத்து அதில் வைத்தாள். ஒரு இழை புகை வந்தது. அந்த வாசத்தை நான் எப்படிச் சொல்வேன்? நல்லதாகத்தான் இருந்தது. மிக நல்லதாக இருந்தது. அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். மறுநாளே, இதைவிடப் பெரியதாக இன்னொன்று கிடைக்குமா என்று கேட்டு, இன்னொரு டின் உப்பை நிரப்பினாள்.

அந்தக் கட்டையில் தெறித்த ஒரு சிராயைத் தம்பி தனக்கென்று மடித்து வைத்துக்கொண்டான். அப்போதுதான் அவனுக்கு ஆண் பிள்ளை பிறந்திருந்தது. பிள்ளைக்கும் தாய்க்கும் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாளில் சாம்பிராணிப் புகை காட்டுவது முறை. சாம்பிராணி எல்லா வீட்டிலும் போடுகிறது, என் பிள்ளைக்கு அகில் போடுவோம் என்று அவனுக்கு ஆசை. அவன் பெண்டாட்டி தணலில் அதைப் போட்டுப் பிள்ளையை ஏந்திக் காட்டியிருக்கிறாள். நான் பங்களாவில் இருந்தேன். மறுநாள் தம்பி பெண்டாட்டி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

லயத்து வீடுகளுக்கு நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. ஒரு வீட்டில் கருவாடு வறுத்தால் பத்து வீட்டுக்கும் அது குழம்பு. அந்தப் புகை கூரைக்கு அடியிலேயே ஊர்ந்து, ஒவ்வொரு வீடாக இறங்கிவிட்டது. பெண்கள் எல்லாம் வாசலுக்கு வந்து, “என்னாடி வாசம் இது, கோயிலையே தூக்கிட்டு வந்துட்டியா?” என்று கேட்டார்களாம். கடைசி வீட்டில், எங்களை மேய்க்கிற மண்டோர் இருந்தார். அவரும் வந்து பார்த்தார். அவர் சின்ன வயதில் காட்டு வேலை பார்த்தவர். அது என்ன, எங்கே கிடைக்கும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றும் கேட்காமல், பிள்ளையின் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாராம்.

மறுநாள் காலையில் பெயர் கூப்பிடுகிற பெரட்டு முடிந்து கேட்டுக்குப் போனபோது, போலீஸ்காரர்கள் மற்றவர்களை விட்டுவிட்டு என் தம்பியை மட்டும் ஓரமாக நிறுத்தினார்கள். மேல்சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். பிறகு உள்சட்டையை. அவர்களில் ஒருவன் காலரை வாயில் வைத்துக் கடித்துப் பார்த்தான். துப்பிவிட்டு, “இது வேர்வ இல்லடா” என்றானாம். வரிசையில் நின்ற சிலருக்கு அது சிரிப்பாக இருந்திருக்கிறது. அவனை லாரியில் ஏற்றும்போது அவன் கத்தவில்லை, அழவில்லை. “பங்களாவுல கேளுங்க. தொரசானிக்குத் தெரியும்” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னானாம்.

நான் நேராக அவளிடம் போய்க் காலில் விழுந்தேன். எழுப்பி உட்கார வைத்தாள். முகம் வெளுத்திருந்தது. பேசுகிறேன், கட்டாயம் பேசுகிறேன் என்றாள். அன்றைக்கு நான் போட்ட சாம்பிராணிக்கும் கும்பிட்ட சாமிக்கும் அளவில்லை. அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். உப்பு நான் கொடுத்தது, கட்டைக்காகக் கொடுத்தது, காட்டில் இருக்கிற துப்பாக்கிக்காரனுக்கு இல்லை. இவ்வளவுதான். அவளுக்கு என்ன ஆகிவிடும்? வெள்ளைக்காரி. மிஞ்சினால் அடுத்த கப்பலில் ஊருக்குப் போ என்பார்கள். எப்படியும் அவள் போகத்தானே போகிறாள்.

சிரம்பானிலிருந்து ஒரு வெள்ளைக்கார அதிகாரி சாயங்காலத் தேநீருக்கு வந்தார். இதே விஷயமாகத்தான் வந்தார், ஆனால் தேநீருக்கு வந்தது போல வந்தார். துரை, துரைசானி, அவள், அவர். நான் தட்டோடு நின்றேன். அவர் கெனாங்காப் பூவைப் பற்றிக் கேட்டார். செண்டாயான் டிரம்மைப் பற்றிக் கேட்டார். அவள் போலீஸ்காரர்களுக்கு மூஞ்சியில் ஆவி அடித்த கதையைச் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவர் கரண்டியைச் சுற்றிக்கொண்டே, உங்களிடம் ஒரு அகில் கட்டை இருக்கிறதாமே, அது எங்கிருந்து வந்தது என்று கேட்டார். நாடு முழுக்க அவள் கேட்டுக்கொண்டு திரிந்த கேள்விதான்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. துரையைப் பார்த்தாள். பிறகு கோப்பையைப் பார்த்தாள்.

“சிரம்பானில் ஒரு கடையில் வாங்கினேன்” என்றாள்.

என் சமையலறை இங்கிலீஷுக்கு அந்த வார்த்தைகள் நன்றாகவே புரிந்தன. கடை, வாங்கினேன், சிரம்பான். தட்டை மேசையில் வைத்தேன். அதிகாரிக்கு மலாய் தெரியும் என்று எனக்குத் தெரியும். “துவான், காராம் மேம் யாங் காசி” என்றேன். ஐயா, உப்பை மேம்தான் கொடுத்தார்கள் என்று அர்த்தம். “நீல டின்னில, தன் கையால” என்று அதற்கு மேல் எனக்குத் தமிழ்தான் வந்தது. அழுகையோடு வந்தது.

அதிகாரி அவளைப் பார்த்தார். அவள் மெல்ல, பிடிபட்டவன் இவளுடைய தம்பி, பாவம் என்றாள். அவர் தலையை ஆட்டினார். எல்லாம் புரிந்துவிட்டது போல ஆட்டினார். எங்கள் துரைசானி என்னிடம், “ஆயா, தேநீர் ஆறிவிட்டது. வேறு கொண்டு வா” என்றார். நான் உள்ளே போய் வேறு தேநீர் போட்டுக் கொண்டு வந்தேன்.

அடுத்த வாரம் அவள் ரயிலேறி, கெமாஸ் வழியாகச் சிங்கப்பூருக்குப் போனாள். கட்டை அவள் பெட்டியில் போயிற்று. என்னிடம் முகம் கொடுக்காமல், சமையலறை அலமாரியில் ஒரு சின்ன வாசனைப் புட்டியை வைத்துவிட்டுப் போயிருந்தாள். எனக்குத்தான். திறந்து பார்த்தேன், ஏதோ சீமைப் பூ வாசம். கொண்டு போய் லயத்துக் கக்கூஸில் ஊற்றினேன். கொஞ்ச நாளைக்கு எங்கள் கக்கூஸ் சீமை மாதிரி மணத்தது. என்னைப் பங்களாவை விட்டு நிறுத்திப் புல்வெட்டுக்கு அனுப்பினார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. அந்த வராந்தாவில் இனி என்னால் குனிய முடியாது.

தம்பிக்கு வழக்கு, விசாரணை என்று ஒன்றும் கிடையாது. கைதி முகாமில் அடைத்து வைத்திருந்து, ஊருக்கு அனுப்பப் போகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். எந்த ஊர்? மடியில் வைத்துக் கொண்டு வந்த எனக்கே அந்த ஊரில் ஒரு புளியமரம் தவிர வேறொன்றும் நினைவில் இல்லை. அவனுக்கு அதுவும் கிடையாது. பெண்டாட்டி, பிள்ளை இரண்டு பேரும் கூடப் போகலாம் என்றார்கள். அதைப் பெரிய தயவு போலச் சொன்னார்கள்.

கப்பலுக்கு முன்னால் பார்க்க விட்டார்கள். நடுவில் கம்பி வேலி. இளைத்திருந்தான். ஆனால் முகம் தெளிவாகத்தான் இருந்தது. இன்னும் எதையோ எதிர்பார்த்துக்கொண்டிருந்தவன் முகம். பிள்ளையைத் தூக்கிக் காட்டினேன். தலையில் முடி வந்திருப்பதைப் பார்த்துச் சிரித்தான். பிறகு கம்பிக்குக் கிட்ட வந்தான்.

“நான் அவங்ககிட்டச் சொன்னேன்க்கா. தொரசானியக் கேளுங்கன்னு தெனமும் சொன்னேன். கேட்டாங்களா?”

“கேட்டாங்கடா.”

“கட்ட எங்கேருந்து வந்துச்சுன்னு தொரசானி சொன்னாங்களா?”

பொய் சொல்லியிருக்கலாம். அவன் நிம்மதியாகக் கப்பல் ஏறியிருப்பான். ஆனால் அவளுக்காக நான் ஒரு பொய் சொல்வதா? என் தம்பியிடமா?

“சிரம்பான்ல கடையில வாங்குனேன்னு சொல்லிட்டாடா.”

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. என்னையே பார்த்தான். பிறகு சிரிக்கத் தொடங்கினான். காவல்காரன் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தான். கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர வர, மூச்சுக்கு நடுவே கேட்டான்:

“எந்தக் கடையிலக்கா? அப்பவே சொல்லியிருந்தா நானே போயி வாங்கியாந்திருப்பேன்லா.”

பிள்ளை அந்தச் சத்தத்துக்குப் பயந்து அழுதது. நேரம் முடிந்தது என்று என்னை வெளியே போகச் சொன்னார்கள்.